டியாகோ கார்சியா: ஒரு விமானத் தளமும் அதன் ஆதிபத்தியமும்

கன்னியாகுமரியிலிருந்து தென்மேற்குத் திசையில் ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர் தொலைவில், பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை தெற்கே, இந்து மகா சமுத்திரத்தின் நடுவில் சாகோஸ் என்னும் பவழத் தீவுக் கூட்டம் அமைந்திருக்கிறது. அக்கூட்டத்தில் மிகப் பெரியது டியாகோ கார்சியா. பெரியது என்பது மற்றத் தீவுகளை நோக்கச் சொல்லும் சொல்லே. ஆழமான ஒரு காயலைப் பெரும்பாலும் சுற்றி வளைத்துக்கொண்டு ஒடுங்கி நீண்டு கிடக்கும் அதன் நிலப்பரப்பு முழுவதையும் கூட்டினாலும் முப்பது சதுர கிலோமீட்டர் தேறாது. கடல்மட்டத்துக்கு மேல் அதன் சராசரி உயரமோ ஓராள் உயரத்துக்கும் குறைவு. இந்த மெல்லிய நிலத்தின் மேற்குக் கரத்தில், 12,000 அடி நீளமுள்ள ஓடுபாதை ஒன்றும், அதைச் சார்ந்த எண்ணெய்க் கிடங்குகளும், ஆயுதக் கிடங்குகளும், கப்பல்துறையும் இருக்கின்றன. சட்டத்தின் கணக்கில் அது பிரிட்டிஷ் இந்து மகா சமுத்திரப் பிரதேசம். அங்கே பறப்பது பிரிட்டிஷ் கொடி. போலீஸும் சுங்கமும் பிரிட்டிஷ் அதிகாரிகளின் கையில். ஆனால் கடையில் புழங்கும் பணம் அமெரிக்க டாலர். வாகனங்கள் செல்வது, லண்டனைப்போல் சாலையின் இடப்புறமாக அன்று, அமெரிக்க வழக்கப்படி வலப்புறமாக. தீவு யாருடையது என்ற கேள்வி எழுந்து அறுபது ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அந்தக் கேள்வியின் வரலாற்றைக் கவனித்துப் படிப்பவருக்கு, நிலத்தைப் பற்றிய வழக்கும் ஓடுபாதையைப் பற்றிய தேவையும் வேறுவேறு என்பதும், இரண்டுக்கும் இடையில் மூன்றாவதாக நின்ற மக்களே எல்லா நஷ்டத்தையும் ஏற்றார்கள் என்பதும் விளங்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை இத்தீவுகளில் நிலையான குடிகள் இல்லை. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் பம்பாயிலிருந்து ஒரு குழுவை அனுப்பி டியாகோ கார்சியாவில் குடியேற்ற முயன்று, பிரெஞ்சுக்காரரின் ஆட்சேபத்தினாலும் தீவின் வறுமையினாலும் அவ்வாண்டிலேயே கைவிட்டுத் திரும்பினர். மொரீஷியஸிலிருந்து வந்த பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள்தாம், மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகளின் உழைப்பைக்கொண்டு தென்னந்தோட்டங்களை நிறுவினர். நெப்போலியனின் யுத்தங்கள் முடிந்து 1814ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையால் மொரீஷியஸ் பிரிட்டனுக்குச் சேர்ந்தபோது அதன் சார்புநிலமாகிய சாகோஸும் கூடவே சேர்ந்தது. அடிமை முறை ஒழிந்தபின் முன்னாள் அடிமைகளின் சந்ததியாரோடு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களும் கலந்தனர். இப்படிப் பல இரத்தங்கள் சேர்ந்து, பிரெஞ்சின் வழிவந்த கிரியோல் மொழி பேசி, கத்தோலிக்க சமயத்தைத் தழுவி, நான்கைந்து தலைமுறைக்குள் ஒரு தனிச் சமூகம் உருவாயிற்று. ஆண்கள் தேங்காயைப் பொறுக்கி மட்டை உரிப்பார்கள்; பெண்கள் உடைத்துப் பருப்பை எடுப்பார்கள்; அது வெயிலிலும், மழைக்காலத்தில் அடியில் தீ மூட்டிய கொட்டகையிலும் உலர்ந்து கொப்பரையாகிக் கப்பலேறும். அரிசியும் எண்ணெயும் கூலியின் ஒரு பகுதியாகவே கிடைத்தன. மீன் காயலில் கிடைத்தது. இவ்வாழ்வைப் பொற்காலமாக வருணிப்பது தவறு. அது கம்பெனித் தோட்ட வாழ்வு, முதலாளி வைத்ததே சட்டம். ஆயினும் அங்கே பிறந்தவர்களுக்கு வேறு ஊர் இல்லை; இடுகாட்டில் பாட்டன் பாட்டிமார் கிடந்தார்கள்.

உலகத்தோடு இத்தீவுக்கு இருந்த தொடர்பு எவ்வளவு மெலிந்தது என்பதற்குத் தமிழருக்கு நெருக்கமான ஒரு சாட்சி உண்டு. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள்மீது குண்டுவீசிவிட்டு மறைந்த ஜெர்மானியக் கப்பல் எம்டன், அடுத்த மாதம் 9ஆம் தேதி டியாகோ கார்சியாவின் காயலுக்குள் நுழைந்து நங்கூரமிட்டது. தோட்டத்துக்கு நெடுநாளாகக் கப்பல் எதுவும் வராததால், ஐரோப்பாவில் யுத்தம் மூண்டிருக்கும் செய்தியே அங்கு எட்டவில்லை. பிரிட்டிஷ் மன்னரின் பிரஜைகள், பிரிட்டிஷ் மன்னரின் விரோதியை விருந்தினனாக வரவேற்றார்கள். கேப்டன் கார்ல் பொன் முல்லரின் மாலுமிகள் நிலக்கரி ஏற்றிக்கொண்டு, கப்பலின் அடிப்பகுதியைச் சுரண்டித் துப்புரவு செய்துகொண்டதோடு, தோட்டக்காரரின் பழுதடைந்த மோட்டார்ப் படகையும் செப்பனிட்டுக் கொடுத்துவிட்டு மறுநாள் புறப்பட்டுப்போயினர். சரித்திரத்தில் நகைச்சுவைக்கு இடமளிக்கும் சம்பவம்தான். ஆனால் யுத்தக் கப்பலொன்று யார் கண்ணிலும் படாமல் தங்கி இளைப்பாறத் தக்க இடம் இது என்ற உண்மையும் அதில் அடங்கியிருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷார் அதை உணர்ந்து, நீரில் இறங்கும் காட்டலினா விமானங்களை இக்காயலில் நிறுத்தினர். ஓடுபாதை எதுவும் அப்போது இல்லை, காயலே ஓடுபாதை. 1944ஆம் ஆண்டுப் புயலில் கரைக்கு அடித்துவரப்பட்ட ஒரு காட்டலினாவின் உடைசல் பிற்காலம்வரை கிழக்கு முனைத் தோட்டத்தருகே கடற்கரையில் கிடந்தது.

யுத்தம் முடிந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குள் பிரிட்டனின் நிலை மாறிவிட்டது. 1956இல் இலங்கையில் பிரதமரான எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா, அந்நியப் படைத்தளங்கள் தம் நாட்டில் வேண்டாம் என்று சொல்ல, 1957இல் திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் கட்டுநாயக்கா விமானத் தளத்தையும் பிரிட்டன் ஒப்படைக்க நேர்ந்தது. உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று ஒரு தேர்தல் முடிவினால் கைவிட்டுப் போயிற்று. இந்தப் பாடத்தை லண்டனைக் காட்டிலும் வாஷிங்டன் கூர்ந்து படித்தது. அமெரிக்கக் கடற்படையில் திட்டமிடும் பணியில் இருந்த ஸ்டூவர்ட் பார்பர் என்பவர், ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாகச் சுதந்திரம் பெற்றுவரும் காலத்தில் ஜனத்தொகை மிகுந்த நிலங்களில் தளம் அமைப்பது நிலைக்காது என்றும், அரசியல் கிளர்ச்சி எழுவதற்கு ஆளில்லாத சிறு தீவுகளை இப்போதே கைப்பற்றி வைத்துக்கொள்ள வேண்டுமென்றும் 1950களின் இறுதியில் ஒரு கொள்கையை வகுத்தார். அவர் தேடியலைந்து தேர்ந்தெடுத்த இடம் டியாகோ கார்சியா. 1964இல் இரு நாட்டு அதிகாரிகளும் கூடித் தீவுகளை அளந்து பார்த்தனர்.

அளந்தபின் எழுந்த சங்கடம் சட்ட சம்பந்தமானது. மொரீஷியஸ் சுதந்திரம் பெறும் தறுவாயில் இருந்தது; அதற்குமுன் சாகோஸைப் பிரித்தாக வேண்டும்; ஆனால் குடியேற்ற நாட்டுக்கு விடுதலை அளிக்கும்போது அதன் நிலத்தைத் துண்டாடலாகாது என்று ஐக்கிய நாடுகள் சபை 1960ஆம் ஆண்டிலேயே தன் 1514ஆம் தீர்மானத்தில் கூறியிருந்தது. 1965ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இவ்விஷயம் மொரீஷியஸ் அமைச்சர்கள்முன் வைக்கப்பட்டபோது அவர்கள் சொன்ன பதிலை இங்கே விசேஷமாகக் குறிப்பிட வேண்டும். நிலத்தைப் பிரிப்பதற்கு ஒப்பமாட்டோம், ஆனால் நீண்டகாலக் குத்தகைக்கு, உதாரணமாக 99 ஆண்டுக் குத்தகைக்கு, விடுவது குறித்து யோசிக்கலாம் என்பதே அப்பதில். தளம் வேண்டாமென்று அவர்கள் சொல்லவில்லை; ஆதிபத்தியம் தங்களிடம் இருக்கட்டும் என்றுதான் சொன்னார்கள். இந்த யோசனையை பிரிட்டன் ஏற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் லண்டன் லங்காஸ்டர் மாளிகையில் அரசியல் சாசன மகாநாடு நடந்துகொண்டிருக்கையில், பிரதமர் ஹெரால்டு வில்சன் மொரீஷியஸ் தலைவர் சிவசாகர் ராம்கூலத்தைத் தனியே சந்தித்து, அவர் சுதந்திரத்தோடும் ஊர் திரும்பலாம், சுதந்திரம் இல்லாமலும் திரும்பலாம் என்று உணர்த்தினார். நம்பிக்கையைக் காட்டி அவரைப் பயமுறுத்துவதே இச்சந்திப்பின் நோக்கம் என்ற பொருள்பட வில்சனின் அந்தரங்கச் செயலாளர் முன்கூட்டியே எழுதிவைத்த குறிப்பு பிற்காலத்தில் வெளியாயிற்று. ராம்கூலம் இணங்கினார். முப்பது லட்சம் பவுன் நஷ்ட ஈடு. பாதுகாப்புத் தேவை தீர்ந்தபின் தீவுகளைத் திருப்பிக் கொடுப்பதாக ஒரு வாக்குறுதி. 1965ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் அரசாணை ஒன்றினால் சாகோஸும், சீஷெல்ஸைச் சேர்ந்த மூன்று தீவுக் கூட்டங்களும் பிரிக்கப்பட்டுப் புதிய குடியேற்றப் பிரதேசமாயின. உலகமெங்கும் சாம்ராஜ்யத்தைக் கலைத்துக்கொண்டிருந்த பிரிட்டன் அந்தக் கட்டத்தில் புதிதாக ஒரு குடியேற்ற நாட்டைப் படைத்தது.

1966ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி கடிதப் பரிமாற்றத்தின் மூலம் அமெரிக்காவுக்குத் தீவுகள் ஐம்பது ஆண்டுகளுக்குக் கிடைத்தன. மேலும் இருபது ஆண்டு நீட்டிக்க இடமுண்டு. வாடகை என்று எதுவும் வெளிப்படையாகப் பேசப்படவில்லை. ஆனால் பிரிட்டன் வாங்கிக்கொண்டிருந்த போலாரிஸ் ஏவுகணைகளின் ஆராய்ச்சிச் செலவில் அதன் பங்காக வரவேண்டிய 140 லட்சம் டாலரை அமெரிக்கா ரகசியமாகத் தள்ளுபடி செய்தது. பார்லிமெண்டுக்கும் காங்கிரஸுக்கும் தெரியாமல் ஒரு குத்தகைத் தொகை இவ்வாறு கைமாறியது.

இங்கே ஆல்டாப்ராவைப் பற்றி ஒரு வார்த்தை. சீஷெல்ஸிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட தீவுகளுள் ஒன்றான அதிலும் பிரிட்டிஷ் விமானப் படை ஒரு தளம் அமைக்க எண்ணியது. அங்கே ராட்சத ஆமைகள் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றன. ராயல் சொசைட்டியைச் சேர்ந்த விஞ்ஞானிகள் அவற்றுக்காகப் பலத்த கிளர்ச்சி செய்தனர். பவுனின் மதிப்பும் இறக்கப்பட்ட சமயமாகையால் 1967இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆமைகள் பிழைத்தது குறித்து மகிழ்ச்சி அடைய வேண்டியதுதான். டியாகோ கார்சியாவின் மனிதருக்காகப் பேசுவதற்கு அப்படி ஒரு சங்கம் லண்டனில் இல்லை.

அம்மனிதர்கள் ஏன் அகற்றப்பட்டார்கள் என்ற கேள்விக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடை, ராணுவ ரகசியம் என்பது. அந்த விடை பரிசோதனைக்கு நிற்காது. ஒகினாவாவிலும் குவாமிலும் அமெரிக்கத் தளங்களின் வேலியை ஒட்டியே லட்சக்கணக்கானோர் வாழ்கின்றனர். டியாகோ கார்சியாவிலேயே பிலிப்பைன்ஸிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த தொழிலாளர் சமையலும் துப்புரவும் கட்டட வேலையும் செய்துகொண்டு தளத்துக்குள்ளேயே வசிக்கின்றனர். அயல்நாட்டுத் தொழிலாளருக்கு இடமுள்ள தீவில் அங்கே பிறந்தவருக்கு இடமில்லாமற்போன காரணம் ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 73ஆம் விதியில் இருக்கிறது. தன்னாட்சி பெறாத ஒரு பிரதேசத்தில் நிலையான மக்கள் இருந்தால், அவர்களுடைய நலனைப் பேணுவது ஆளும் நாட்டின் புனிதக் கடமை என்றும், அதைப் பற்றிச் சபைக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. தகவல் அனுப்பினால் கேள்வி வரும். கேள்வி வந்தால் சுயநிர்ணய உரிமை என்ற பேச்சு வரும். நிலையான மக்களே இல்லையென்றால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆகவே, அங்கே இருப்பவர்கள் யாவரும் மொரீஷியஸிலிருந்தும் சீஷெல்ஸிலிருந்தும் தற்காலிகமாக வந்த கூலிகளே என்ற கதையைக் காலனி இலாகா அதிகாரிகள் ஜோடித்தனர். தாங்கள் எழுதுவது பொய் என்பதை அவர்கள் அறிந்தே எழுதினர் என்பதற்கு, முப்பது ஆண்டு கழித்துத் திறக்கப்பட்ட கோப்புகள் சாட்சி. கதை முதலில் எழுதப்பட்டது. தீவு பின்னர் அக்கதைக்கு ஏற்றபடி காலி செய்யப்பட்டது.

காலி செய்த விதம் வருமாறு. 1967இல் பிரிட்டிஷ் அரசாங்கம் 6,60,000 பவுன் கொடுத்துத் தோட்டங்களை வாங்கியது. மருத்துவத்துக்கோ உறவினரைக் காணவோ மொரீஷியஸ் சென்றவர்கள் திரும்பக் கப்பலேற வந்தபோது, உங்கள் தீவு விற்கப்பட்டுவிட்டது, கப்பல் இல்லை என்று சொல்லப்பட்டது. பிற்காலத்தில் இம்மக்களின் வழக்கை நடத்திய ஒலிவியே பாங்கூவின் குடும்பம் அவ்வாறு 1968இல் சகோதரியின் சிகிச்சைக்காகப் போய் அங்கேயே சிக்கிக்கொண்டது. உணவுக் கப்பல்கள் குறைந்தன. 1971இல் அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் பிரிவினர் வந்து இறங்கியதும், அனுமதிச் சீட்டின்றி யாரும் பிரதேசத்தில் இருக்கக்கூடாதென்று ஒரு குடிவரவுச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. சீஷெல்ஸ் கவர்னர் சர் புரூஸ் கிரேட்பாட்ச் நாய்களை ஒழிக்கும்படி உத்தரவிட்டார். சுட்டும் விஷம் வைத்தும் முடியாமற்போகவே, கொப்பரை உலர்த்தும் கொட்டகையினுள் இறைச்சித் துண்டுகளைப் போட்டு நாய்களை உள்ளே வரவழைத்து, கதவை அடைத்து, மோட்டார் வண்டிகளின் புகைக்குழாயிலிருந்து வாயுவை உள்ளே செலுத்திக் கொன்றார்கள். எசமானர்கள் வெளியே நின்று அந்த ஓலத்தைக் கேட்டார்கள். அதன்பின் நோர்ட்வேர் என்னும் சிறு கப்பலில் அவர்கள் ஏற்றப்பட்டனர். குதிரைகளுக்கு மேல்தளத்தில் இடம் கொடுத்துவிட்டுத் தங்களைச் சரக்கின்மேல் படுக்கவைத்தார்கள் என்று பயணம் செய்தவர்கள் சாட்சியம் கூறியிருக்கின்றனர். முதலில் சாகோஸின் மற்றத் தீவுகளாகிய பெரோஸ் பான்யோஸுக்கும் சாலமனுக்கும் போனவர்கள் 1973க்குள் அங்கிருந்தும் அகற்றப்பட்டார்கள். மொத்தம் ஆயிரத்தைந்நூறு முதல் இரண்டாயிரம் பேர். மொரீஷியஸின் தலைநகர் போர்ட் லூயிக் குடிசைப் பகுதிகளில், கொப்பரை வேலையைத் தவிர வேறு தொழில் அறியாதவர்களாக, அவர்களில் பெரும்பாலோர் வறுமையில் ஆழ்ந்தனர். 1982இல் 40 லட்சம் பவுன் நஷ்ட ஈடு வந்தபோது, திரும்பிச் செல்லும் உரிமையைக் கைவிடுவதாக ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள்களில் எழுதப்படிக்கத் தெரியாத பெண்களின் கைநாட்டு வாங்கப்பட்டது.

காலியான நிலத்தில் எழுந்த தளம் பொறியியல் நோக்கில் வியக்கத்தக்கது என்பதை மறுப்பதற்கில்லை. மண்ணே இல்லாத தீவு, கல்லும் இல்லை, இருப்பது பவழம் ஒன்றே. தென்னைகளை வீழ்த்தி நிலத்தைத் துப்புரவாக்கி, கரையோரப் பவழத் திட்டை வெட்டியெடுத்து நொறுக்கிப் பரப்பி அடித்தளம் அமைத்தார்கள். முதலில் சரக்கு விமானம் இறங்கும் அளவுக்கு ஒரு சிறு பாதை. பின்னர் 8,000 அடி. முடிவில் 12,000 அடி. இவ்வளவு நீளம் எதற்கு என்றால், பூமத்திய ரேகைப் பிரதேசத்தின் வெப்பமான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்கு அது தரும் தாங்குதலும் குறைவு. எஞ்சினின் உந்துதலும் குறைவு. எண்ணெயும் குண்டும் நிரம்பிய பி-52 விமானம் அத்தகைய காற்றில் நிலத்தைவிட்டு எழும்ப நெடுந்தூரம் ஓடியாக வேண்டும். காயலின் உட்புறத்தை ஆழப்படுத்தி, ஒரு படைப்பிரிவுக்கு வேண்டிய டாங்கிகளும் வெடிமருந்தும் உணவும் ஏற்றிய கப்பல்களை நிரந்தரமாக நங்கூரமிட்டு வைத்தார்கள். 1990ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது, இக்கப்பல்கள் சவூதி அரேபியாவை அடைய, வீரர்கள் வெறுங்கையோடு விமானத்தில் போய் அங்கே ஆயுதங்களைப் பெற்றுக்கொண்டனர். 1991இல் ஈராக்கின்மீதும், 2001இல் ஆப்கானிஸ்தானத்தின்மீதும், 2003இல் மீண்டும் ஈராக்கின்மீதும் குண்டுவீசிய கனரக விமானங்கள் பல புறப்பட்டது இங்கிருந்துதான். இன்று நம் கைபேசியில் வழிகாட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் தொடக்க கால நிலையங்கள் ஐந்தில் ஒன்றும் இத்தீவில் அமைந்ததே. வேறு காரியங்களும் நடந்தன. 2002இல் கைதிகளை ஏற்றிய இரண்டு ரகசிய விமானங்கள் இங்கே இறங்கி எண்ணெய் நிரப்பிச் சென்றன என்பதை, அதற்கு முன்பெல்லாம் அப்படி எதுவும் இல்லையென்று உறுதி கூறிவந்த பிரிட்டிஷ் அரசாங்கம், 2008ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிநாட்டமைச்சர் டேவிட் மிலிபாண்டின் வாயிலாகப் பார்லிமெண்டில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இத்தளத்தை எதிர்த்துக் கரையோர நாடுகள் எழுப்பிய குரலும் உண்டு. ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் இலங்கை அரசு முன்னின்று நடத்த, 1971ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை இந்து மகா சமுத்திரத்தைச் சமாதானப் பிராந்தியமாகப் பிரகடனம் செய்தது. அதே மாதத்தில் அமெரிக்காவின் ஏழாவது கப்பற்படைப் பிரிவு வங்காள விரிகுடாவை நோக்கி வந்துகொண்டிருந்தது. பிரகடனம் காகிதத்தில் நின்றது. ஓடுபாதை நீண்டுகொண்டே போயிற்று.

வழக்குகளின் கதை நெடியது. சாரத்தை மட்டும் சொல்கிறேன். பாங்கூ தொடுத்த வழக்கில் 2000ஆம் ஆண்டு நவம்பரில் லண்டன் உயர்நீதிமன்றம் 1971ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் செல்லாது என்றது. நான்கு ஆண்டு கழித்து, பார்லிமெண்டின் விவாதத்துக்கு வராத அரசாணை மூலம் அத்தடை மீண்டும் விதிக்கப்பட்டது. 2008இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அரசாணையை ஆதரித்தனர். 2010இல் சாகோஸைச் சுற்றிய கடல் மீன்பிடிக்கத் தடைசெய்யப்பட்ட பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. பவழத்துக்கு நன்மைதான், ஆனால் மீன்பிடித்தே பிழைக்க வேண்டிய மக்கள் திரும்புவதற்கு அதனால் வழி அடைபடும் என்பதைப் பிரிட்டிஷ் அதிகாரியொருவர் அமெரிக்கத் தூதரகத்தாரிடம் மறைக்காமல் பேசியது பின்னர் அம்பலமாயிற்று. 2015இல் நடுவர் மன்றம் ஒன்று அந்த அறிவிப்பு கடற்சட்டத்துக்கு முரணானது என்றது. இதற்குள் மொரீஷியஸ் அரசு போராட்டத்தைச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் வழியைக் கண்டது. 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் ஹேக் நகரிலுள்ள அந்நீதிமன்றம், மொரீஷியஸின் விடுதலை சட்டப்படி பூர்த்தியாகவில்லை என்றும், பிரிட்டன் கூடிய விரைவில் சாகோஸை விட்டு நீங்க வேண்டும் என்றும் பதின்மூவருக்கு ஒருவர் என்ற கணக்கில் அபிப்பிராயம் கூறியது. அதே ஆண்டு மே மாதம் பொதுச்சபையில் 116 நாடுகள் இதை ஆதரித்தன, எதிர்த்தவை ஆறு. ஆதரித்தவற்றுள் இந்தியாவும் ஒன்று.

மக்களே இல்லையென்று சட்டத்தில் எழுதிவைத்த இடத்துக்கு 2021ஆம் ஆண்டு அக்டோபரில் எதிர்பாராத மக்கள் வந்து சேர்ந்தனர். கனடாவை நோக்கிப் புறப்பட்ட மீன்பிடிப் படகொன்று நடுக்கடலில் பழுதாகி, பிரிட்டிஷ் கப்பல்களால் டியாகோ கார்சியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதில் இருந்தவர்கள் இலங்கைத் தமிழர், குழந்தைகளும் இருந்தனர், பலர் தமிழ்நாட்டு அகதி முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்கள். அந்தப் பிரதேசத்தில் அடைக்கலம் கேட்டவர்கள் அவர்களுக்கு முன் எவருமில்லை. அகதிகள் பற்றிய சர்வதேச ஒப்பந்தம் இத்தீவுக்குப் பொருந்தாது என்று பிரிட்டன் வாதித்தது. எலிகள் கடித்துக் கிழித்த கூடாரங்களில், வேலிக்குள், காவலின் கீழ் அவர்கள் மூன்று ஆண்டு கழித்தனர்; தற்கொலைக்கு முயன்றவர்களும் உண்டு. சட்டப்படி மட்டும் இருந்துவந்த அப்பிரதேசத்தின் உச்ச நீதிமன்றம், அமெரிக்கர் முதலில் தடுத்தும், 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் தீவுக்கே வந்து விசாரணை நடத்தியது; முகாமை நீதிபதி நேரில் நடந்து பார்த்தார். அவர்களைச் சட்டவிரோதமாகக் காவலில் வைத்திருந்தார்கள் என்று அவ்வாண்டு டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அதற்குச் சில நாள் முன்பாகவே அவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். சாகோஸ் மக்களை இல்லாதவராக்கப் பயன்பட்ட அதே சட்ட வெற்றிடந்தான் இவர்களையும் மூன்றாண்டு விழுங்கியது. ஐம்பது ஆண்டுக்கு முன் எழுதிய பொய்யின் வட்டி இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இறுதியாக 2025ஆம் ஆண்டு மே 22ஆம் நாள், பிரிட்டிஷ் பிரதமர் கீர் ஸ்டார்மரும், 1965இல் லண்டனில் இணங்கிய தலைவரின் புதல்வராகிய மொரீஷியஸ் பிரதமர் நவீன் ராம்கூலமும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். அதன்படி சாகோஸ் முழுவதன் ஆதிபத்தியமும் மொரீஷியஸுக்குச் சேரும். டியாகோ கார்சியாத் தளம் பிரிட்டன் அமெரிக்க நாடுகளின் பொறுப்பில் தொடரும். அதற்காக ஆண்டுக்குச் சராசரி 1,010 லட்சம் பவுன் பிரிட்டன் செலுத்தும். மொரீஷியஸுக்குத் தளம் என்றாலே ஒவ்வாது என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. அதன் மற்றொரு தூரத் தீவான அகலேகாவில் இந்தியாவின் செலவில் கட்டப்பட்ட 3,000 மீட்டர் ஓடுபாதை 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அங்கே முந்நூறு பேர் அளவிலான கிரியோல் மக்கள் தொடர்ந்து வாழ்கிறார்கள். ஓடுபாதையும் குடிகளும் ஒரே தீவில் இருக்க முடியும் என்பதற்கு அது போதிய சான்று.

புதிய உடன்படிக்கையின் காலம் 99 ஆண்டுகள். 1965ஆம் ஆண்டு ஜூலையில் மொரீஷியஸ் அமைச்சர்கள் யோசனையாகச் சொன்னதும் அந்த 99 ஆண்டுக் குத்தகைதான். அன்றே அதை ஏற்றிருந்தால் பிரிட்டனுக்கு ஓடுபாதை கிடைத்திருக்கும், மொரீஷியஸுக்கு நிலம் இருந்திருக்கும், குடிகளை வெளியேற்றத் தூண்டிய காரணமும் எழுந்திராது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் இரண்டு அரசாங்கங்களும் தத்தமக்கு வேண்டியதைப் பெற்றுக்கொண்டன. மற்றத் தீவுகளில் சாகோஸ் மக்களைக் குடியேற்ற மொரீஷியஸுக்கு உடன்படிக்கை அனுமதி தருகிறது. டியாகோ கார்சியாவில் குடியேற்ற அனுமதி இல்லை.